டெஸ்ட் பண்ணாத பேக்கப், பேக்கப்பே இல்ல! 11 நிமிஷத்துல நின்ன பம்ப்பும், என் 1.38 லட்சமும்



எமர்ஜென்சி ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி இதெல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமா ஒரு மோட்டாரைப் பத்திப் பேசப் போறேன். "ப்ரோ, இது ஃபைனான்ஸ் சேனலா, பிளம்பிங் சேனலா?"ன்னு கேக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க. பணத்தைப் பத்தி நான் கத்துக்கிட்ட ரொம்ப காஸ்ட்லியான பாடம், எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல இருக்கற ஒரு ரெண்டடி குழிக்குள்ளதான் கிடைச்சது.

முதல்ல ஒரு விஷயம் தெளிவு பண்ணிடுறேன். நம்ம ஊர்ல சம்ப்னு சொன்னா, மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணியோ சேமிச்சு வைக்கிற தொட்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்ல. பேஸ்மென்ட் பார்க்கிங் இருக்கற அபார்ட்மென்ட்ல, ஏதோ ஒரு மூலையில இரும்புக் கம்பி மூடி போட்டு ஒரு சின்னக் குழி இருக்கும். சரிவு வழியா வர்ற மழைத் தண்ணி, சுவர்ல கசியற தண்ணி எல்லாம் அங்க போய்ச் சேரும். அதுக்குள்ள ஒரு சப்மெர்சிபிள் பம்ப். தண்ணி ஏறினா மிதவை சுவிட்ச் மேல வந்து பம்ப்பைப் போடும், தண்ணி வெளிய போகும். கரண்ட் போனாலும் ஓடறதுக்கு ஒரு இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி. இதைத்தான் சொல்றேன்.

அன்னைக்கு என்ன நடந்தது?

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை. மிக்ஜாம் புயல். தென் சென்னையில பள்ளிக்கரணை பக்கம் எங்க வீடு. 24 வீடு, செமி பேஸ்மென்ட் பார்க்கிங். ராத்திரி முழுக்க மழை விடவே இல்ல. நான் நிம்மதியாத் தூங்கினேன். ஏன்னா, எங்ககிட்ட பம்ப் இருக்கு. பேக்கப் இருக்கு. அசோசியேஷன் மீட்டிங்ல கை தூக்கி, எல்லாரும் காசு போட்டு வாங்கினது.

திங்கக்கிழமை விடியக்காலைல கரண்ட் போச்சு. மழை வெள்ளத்துல ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு பல ஏரியாவுல மின்சாரத்தையே நிறுத்தி வெச்சாங்க, அது சரியான முடிவும்கூட. நான் கீழ இறங்கிப் பார்த்தப்போ இன்வெர்ட்டர்ல பம்ப் ஓடிட்டு இருந்தது. தண்ணி கணுக்காலுக்குக் கீழதான். "சூப்பர்"னு நினைச்சேன். வாட்ச்மேன் அண்ணன்தான் வாட்ச்ல பார்த்துச் சொன்னாரு: கரண்ட் போய் 11 நிமிஷத்துல இன்வெர்ட்டர் பீப் பீப்னு கத்திட்டு நின்னுடுச்சு.

பேட்டரிக்கு ரெண்டரை வயசுதான். ஆனா பேட்டரி மேல ஒட்டியிருந்த சர்வீஸ் கார்டுல கடைசிக் கையெழுத்து 14 மாசத்துக்கு முன்னாடி. டிஸ்டில்டு வாட்டர் வத்திப் போய் பிளேட் வெளிய தெரிஞ்சது. அது போதாதுன்னு, யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் கேட் மோட்டார், கேமரா, பேஸ்மென்ட் லைட் எல்லாத்தையும் அதே இன்வெர்ட்டர்ல கோத்து விட்டிருந்தாரு.

மதியத்துக்குள்ள தண்ணி ரெண்டரை அடி. என் கார் உள்ள.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. தண்ணி வடிஞ்ச பிறகு நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே"ன்னு சாவியைத் திருப்பினேன். இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருந்தது. காத்தை அமுக்கற மாதிரி தண்ணியை அமுக்க முடியாது. உள்ள கனெக்டிங் ராடு வளைஞ்சது. சீட், கார்பெட், வயரிங் செலவை இன்சூரன்ஸ் கொடுத்தது. இன்ஜின் செலவு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, ஏன்னா நான் இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் எடுக்கல. என் கையை விட்டுப் போனது 1,38,000 ரூபாய். அப்போ என் எமர்ஜென்சி ஃபண்ட் 1,60,000. மிச்சம் 22,000. மூணு வருஷமா மாசா மாசம் சேத்தது, ஒரே பில்லுல போச்சு.

என் கருத்து இதுதான்

நம்ம தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருக்கு. பாதுகாப்பை வாங்கறதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். பாலிசி எடுத்தாச்சு, டிக். இன்வெர்ட்டர் வாங்கியாச்சு, டிக். நாமினி போட்டமா, அந்த பாலிசி எதையெல்லாம் கவர் பண்ணாது, அந்த இன்வெர்ட்டர் நிஜமா எவ்ளோ நேரம் ஓடும், இதையெல்லாம் பார்க்கிறதே இல்ல.

ஒரு பேக்கப்போட மதிப்பு அதோட விலையில இல்ல. கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க, அப்போ எவ்ளோ நேரம் ஓடிச்சு, அதுலதான் இருக்கு. டெஸ்ட் பண்ணாத பேக்கப் வெறும் செலவு. சொல்லப்போனா, பேக்கப்பே இல்லாம இருக்கறதைவிட மோசம். பேக்கப் இல்லைன்னா நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலமே காரை வெளிய எடுத்து மேடான இடத்துல விட்டிருப்பேன். "இருக்கு"ங்கற தைரியம்தான் என்னைத் தூங்க வெச்சது.

இதைச் சொன்னா வழக்கமா மூணு பதில் வரும்.

"அது அசோசியேஷன் வேலை." சரிதான். ஆனா தண்ணியில நிக்கறது அசோசியேஷன் கார் இல்ல, இஎம்ஐ கட்டற உங்க கார்.

"ஏஎம்சி இருக்கு ப்ரோ." எங்களுக்கும் இருந்தது. அவங்க வந்தா சுவிட்சைப் போட்டு ஆன் ஆகுதான்னு பார்த்துட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க. கரண்ட்டை நிறுத்திட்டு, தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கறதுதான் டெஸ்ட்.

"நான் வாடகை வீட்லதான் இருக்கேன்." வீடு ஓனரோடது. பைக்கோ காரோ உங்களோடது.

ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு மணி நேரம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்கும். அதனால செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. அபார்ட்மென்ட் எலக்ட்ரீஷியனைக் கூட வெச்சுக்கங்க. தேவையான பொருள் ரெண்டு மூணு பக்கெட் அல்லது ஒரு ஹோஸ் பைப், போன்ல ஸ்டாப்வாட்ச், ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

1. குழியைச் சுத்தம் பண்ணுங்க. பம்ப் சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. மணல், இலை, பால் கவர், சிமென்ட் கட்டி எல்லாம் வெளிய வரட்டும். பம்ப் அடியில இருக்கற சல்லடையையும் கழுவுங்க.

2. மிதவை சுவிட்சைப் பாருங்க. அது சுத்தி எங்கயும் இடிக்காம ஏறி இறங்கணும். ஒயர் பைப்புல சுத்திக்கிட்டோ, சுவர்ல ஒட்டிக்கிட்டோ இருந்தா பம்ப் எவ்ளோ நல்லதா இருந்தாலும் வேஸ்ட்.

3. தண்ணி ஊத்தி நேரம் எடுங்க. பிளக்கைத் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டுட்டு ஊத்துங்க. மிதவை ஏறி பம்ப் தானா ஆன் ஆகணும். தண்ணி எவ்ளோ இறங்குது, எத்தனை செகண்ட் ஆகுதுன்னு குறிச்சுக்கங்க. குழி 60 செ.மீ.க்கு 60 செ.மீ., தண்ணி 30 செ.மீ. இறங்கினா அது 108 லிட்டர். அதுக்கு 54 செகண்ட் ஆனா நிமிஷத்துக்கு 120 லிட்டர். இந்த நம்பரை சுவத்துலயே எழுதி வைங்க. அடுத்த வருஷம் இது குறைஞ்சா பம்ப்போ பைப்போ மக்கர் பண்ணுதுன்னு அர்த்தம்.

4. தண்ணி எங்க போகுதுன்னு போய்ப் பாருங்க. பைப்போட அடுத்த முனை தெருவுல எங்கயாவது பள்ளத்துல இருந்தா, வெள்ளத்துல அதே தண்ணி சரிவு வழியா திரும்பி உள்ளதான் வரும். கரண்ட்டைச் செலவு பண்ணி தண்ணியை வட்டமடிக்க விடுவீங்க.

5. இப்போ மெயின் சப்ளையை நிறுத்துங்க. இதுதான் உண்மையான டெஸ்ட். இன்வெர்ட்டருக்கு வர்ற எம்சிபியை எலக்ட்ரீஷியனை வெச்சு ஆஃப் பண்ணுங்க. பம்ப் இன்வெர்ட்டர்ல ஸ்டார்ட் ஆகுதா? விடாம தண்ணி ஊத்தி அரை மணி நேரம் ஓட்டுங்க. பம்ப்பைத் தண்ணி இல்லாம மட்டும் ஓட விடாதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி வோல்டேஜைக் குறிங்க. அரை மணிக்குள்ள லோ பேட்டரி அலாரம் அடிச்சா, அந்த பேட்டரியை நம்பி தூங்காதீங்க.

6. பேட்டரியைப் பாருங்க. நல்லா சார்ஜ் ஆகி சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். டிஸ்டில்டு வாட்டர் அளவு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். குழாய்த் தண்ணி, ஏசித் தண்ணி ஊத்தாதீங்க. டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு. இன்வெர்ட்டரும் பேட்டரியும் எங்க இருக்குன்னு பாருங்க. நிறைய அபார்ட்மென்ட்ல அது பேஸ்மென்ட் தரையிலயே இருக்கும்! முழுகப் போற இடத்துல முழுகாம காப்பாத்தற மெஷினை வைக்கிறது என்ன நியாயம்? மேல மாத்துங்க.

ஓடலைன்னா எங்க பார்க்கறது?

*ம்ம்ம்னு சத்தம் வருது, சுத்தல:* உடனே ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா காயில் எரிஞ்சிடும். கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது உள்ள ஃபேன்ல துணியோ கல்லோ மாட்டியிருக்கலாம். கெப்பாசிட்டர் சின்னச் செலவுதான்.

*சுத்துது, தண்ணி வரல:* சல்லடை அடைப்பு, உள்ள காத்து பிடிச்சிருக்கு, அல்லது நான் ரிட்டர்ன் வால்வ் திறக்காம சிக்கியிருக்கு.

*ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆன் ஆஃப் ஆகுது:* பம்ப் நின்ன உடனே பைப்ல இருக்கற தண்ணி குழிக்கே திரும்புதான்னு பாருங்க. திரும்பினா அந்த வால்வ் லீக்.

*கரண்ட்ல ஓடுது, இன்வெர்ட்டர்ல ஓவர்லோடு காட்டுது:* இது ரொம்ப காமன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது, ஓடும்போது இழுக்கறதைவிட பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபேனும் லைட்டும் ஓட்டற 900 விஏ இன்வெர்ட்டர்ல 1 ஹெச்பி பம்ப் கிளம்பாது. அரை ஹெச்பி பம்ப்பே 600 வாட்டுக்கு மேல இழுக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல மோட்டார் சூடாகும், சைன் வேவ்தான் வேணும். த்ரீ ஃபேஸ் பம்ப்பா இருந்தா வீட்டு இன்வெர்ட்டருக்கு வேலையே இல்ல, ஜெனரேட்டர்தான்.

*ஆர்சிசிபி டிரிப் ஆகுது:* கேபிள் ஜாயின்ட்லயோ மோட்டார் உள்ளயோ தண்ணி போயிருக்கு. "ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணி ஓட்டிடலாம் சார்"னு யாராவது சொன்னா, அவரை அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிடுங்க. அது டிரிப் ஆனதாலதான் ஒருத்தர் உயிரோட இருக்காரு.

அதேபோல, தண்ணி ஏறின பேஸ்மென்ட்ல இறங்காதீங்க. தெருவுல கரண்ட் இல்லைன்னா பயம் இல்லைன்னு நினைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் லைன்லயும் 230 வோல்ட்தான் வருது.

ஒரு சின்னக் கணக்கு

150 ஏஹெச் பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினா 1,800 வாட் அவர். பேப்பர்ல பார்த்தா 600 வாட் பம்ப் மூணு மணி நேரம் ஓடணும். நிஜத்துல ஓடாது. இன்வெர்ட்டர்ல கொஞ்சம் வீணாகும், வேகமா இழுக்க இழுக்க பேட்டரி தர்ற மொத்த அளவும் குறையும். புது பேட்டரியில விடாம ஒன்றரை மணி நேரம் ஓடினாலே சந்தோஷம்.

"அவ்ளோதானா?"ன்னு பயப்படாதீங்க. மேல கூரை இல்லாத சரிவு 6 மீட்டருக்கு 4 மீட்டர்னு வைங்க. ஒரு மணி நேரத்துல 50 மி.மீ. மழை கொட்டினா அதுல விழறது 1,200 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 20 லிட்டர். நம்ம பம்ப் நிமிஷத்துக்கு 120 லிட்டர் எடுக்குது. அப்போ மணிக்கு 10 நிமிஷம் ஓடினா போதும். ஒன்றரை மணி நேர பேட்டரி, கிட்டத்தட்ட 9 மணி நேர மழைக்கு வரும். எங்க பேட்டரி மாதிரி 11 நிமிஷம் ஓடினா? ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் வரும். அதே பம்ப், அதே இன்வெர்ட்டர். வித்தியாசம் சில லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். தெருத் தண்ணியே சரிவு ஏறி உள்ள வர ஆரம்பிச்சா, அரை ஹெச்பி பம்ப் எதுவும் பண்ண முடியாது. 2015-லயும் 2023-லயும் பல இடத்துல நடந்தது அதுதான். அன்னைக்கு எங்க பேட்டரி நல்லா இருந்திருந்தாலும் பேஸ்மென்ட் கடைசியில முழுகியிருக்கும்.

அப்போ எதுக்கு இவ்ளோ பேச்சு? நேரம். பேக்கப் நமக்கு வாங்கித் தர்றது நேரம் மட்டும்தான். கரண்ட் போனதுக்கும் தண்ணி தலைக்கு மேல போனதுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் கிடைச்சிருந்தா, 24 வீட்டையும் தட்டி எழுப்பி வண்டியை எல்லாம் மேடான இடத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்தப்போ வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நின்னதைப் பார்த்து நிறைய பேர் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அவங்க டெஸ்ட்ல ஃபெயில் ஆகி, பாடம் படிச்சு வந்தவங்க.

எமர்ஜென்சி ஃபண்டும் இதேதான். வேலை போனா அது உங்களுக்கு வேலை வாங்கித் தராது. அடுத்த வேலை தேட ஆறு மாசம் டைம் தரும். அந்த ஆறு மாசம் நிஜமாவே ஆறு மாசமா, இல்ல 11 நிமிஷமான்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கணும்.

செலவு எவ்ளோ?

புது பேட்டரி சுமார் 15,000 ரூபாய், நாலு வருஷம் வரும்னு வைங்க. பம்ப் 12,000, ஆறு வருஷம். மாசத்துக்குப் பிரிச்சா பேட்டரிக்கு 312, பம்ப்புக்கு 167. 24 வீட்டுக்குப் பங்கு போட்டா வீட்டுக்கு மாசம் 20 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. இதை மெயின்டனன்ஸ்ல தனியா ஒரு சிங்கிங் ஃபண்டா ஒதுக்கச் சொல்லுங்க. நாங்க இப்போ அப்படித்தான் பண்றோம். பேட்டரி சாகற வரைக்கும் காத்திருந்து, மழையில ஆளுக்கு 1,000 ரூபாய் கேட்டு வாட்ஸ்அப்ல சண்டை போடறது இல்ல.

அப்புறம், இன்னைக்கே உங்க கார் பாலிசியைத் திறங்க. தேர்டு பார்ட்டி மட்டும்னா வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. காம்ப்ரிஹென்சிவ்னா வெள்ளம் கவர் ஆகும், ஆனா தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வர்ற சேதம் பொதுவா வராது. அதுக்கு இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் தனியா இருக்கு. ஜீரோ டெப் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. போட்டோ எடுங்க, இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்க, டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க. சொந்த வீடு வெச்சிருக்கவங்களுக்கு, 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி விதிமுறையோட ஒரு ஹோம் இன்சூரன்ஸ் இருக்கு, வெள்ளமும் அதுல அடங்கும். அதையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

இப்போ செப்டம்பர் ஆனா எங்க பேஸ்மென்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை பத்து பேர் பக்கெட்டோட நிக்கறோம். சின்னப் பசங்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஸ்டாப்வாட்ச் பிடிக்கறது வாட்ச்மேன் அண்ணன்தான், அந்த வேலையை வேற யாருக்கும் அவர் தர்றது இல்ல. போன தடவை பம்ப் 40 நிமிஷம் ஓடிச்சு, அலாரம் அடிக்கல. தேதியையும் அந்த நம்பரையும் சுவத்துல எழுதினோம்.

உங்க வீட்டு சுவத்துல என்ன நம்பர் இருக்கு? கீழ இறங்கிப் பாருங்க, பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. நம்பரே இல்லைன்னா அதையும் சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.